வெயிலில் ஒரு மழைக்கோட்டு

அத்தியாயம் 6

பால் ஜக்கைக் கண்டு ஒருவர் நடுங்குவதை நான் ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

நடுங்கியவள் பயந்த சுபாவக்காரி இல்லை. இறக்கத்தில் பிரேக்கைத் தொடாமல், முன்னால் போகிறவளின் சில்லுக்கும் தன் சில்லுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டுக் கார் வேகத்தில் சைக்கிள் ஓடுகிறவள். பெயர் நிலாணி. ஐந்து வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஸ்காபரோவில் வளர்ந்தவள். முழங்கையிலும் தொடையிலும் பெரிய பெரிய கட்டோடு, அவளுடைய குழு தங்கியிருந்த வீட்டின் சோஃபாவில் சுருண்டு இருந்தாள். எதிரே மேசையில், கடையில் விற்கும் அந்தப் பெரிய பிளாஸ்டிக் ஜக் இருந்தது. அது ஏதோ வெடிகுண்டு என்பதுபோல அதிலிருந்து கண்ணை எடுக்காமல் இருந்தாள்.

"நாளைக்கு நான் ஓடேல்லை," என்றாள்.

இதைக் கேட்டு அவளுடைய கோச் தலையில் கை வைத்துக்கொண்டது ஏன் என்று சொல்லிவிடுகிறேன். ஒன்ராறியோவில் அந்த ஜூலை பெண்களுக்கான சுற்றுப்போட்டி ஒன்று நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு ஊரில் ஓட்டம். கடைசி ஓட்டம் நாளைக் காலை, ரொறன்ரோ ஹை பார்க்கில். பார்த்துக்கொண்டிருப்பவர்களில் இத்தாலியக் குழு ஒன்றின் முகாமையாளரும் ஒருவர். ஆகஸ்டில் பிரான்சில் நடக்கும் பெண்களின் பெரிய சுற்றுக்கு அவருக்கு ஓர் ஆள் குறைகிறது. நிலாணி நாளை நன்றாக ஓடி முடித்தால் அந்த இடம் அவளுக்கு. ஓடாவிட்டால் இன்னொருத்திக்கு. இந்த விளையாட்டில் இப்படி ஒரு கதவு இரண்டாம் தரம் திறப்பதில்லை.

விஷயத்தில் சேலை கட்டிய பெண்கள் சம்பந்தப்பட்டிருப்பதால் தமிழ்த் துப்பறிவாளர்தான் வேண்டும் என்று கோச் எங்களுக்குப் போன் அடித்திருந்தார். துப்பறிவாளர் மக்டலீன் அக்கா. மன்னார் ஆள். முன்பு இன்சூரன்ஸ் கம்பனிக்காக, கழுத்து நோ என்று பொய் சொல்லிக் காசு கேட்கிறவர்களைப் பிடித்துக்கொண்டிருந்தவர். நான் அன்புராசா, அவருடைய உதவியாள். கார் என்னுடையது, மூளை அவருடையது. இரண்டும் குளிர்காலத்தில் ஸ்ரார்ட் எடுக்கக் கொஞ்சம் சுணங்கும்.

"முதலிலை இருந்து சொல்லு பிள்ளை," என்றார் அக்கா.

"எவ்ரி மோர்னிங் அக்கா. எங்கட வான் இந்த வீட்டு வாசலாலை வெளிக்கிடேக்கை ஒரு அன்ரி குறுக்கை வருவா. ஒவ்வொரு நாளும் டிஃபரண்ட் அன்ரி. கையிலை பெரிய பால் ஜக். ஒருநாள் வாளி நிறையத் தண்ணி. என்னை நேராப் பாப்பா. ஒண்டும் கதைக்கமாட்டா. போயிடுவா."

"என்ன உடுப்பு?"

"சீலை. பட்டுச் சீலை. பூ, பொட்டு, எல்லாம். விடியக் காலமை, லைக், வெடிங்குக்குப் போற மாதிரி."

"வெக்ஸ்போர்ட்டிலை பால் வாங்கப் போறதுக்கு இவ்வளவு சோடினையோ," என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

"என்னிலை என்னத்தையோ ஊத்தப் போகினம் எண்டுதான் நினைச்சன்," என்றாள் நிலாணி. "தமிழ்ப் பேப்பரிலை என்ர படம் வந்தது, ரேஸ் ஷோர்ட்ஸோடை. அதுக்குப் பிறகு போன் பண்ணி அசிங்கமாப் பேசினவை. பொம்பிளைப் பிள்ளைக்கு உது தேவையோ எண்டு. அவையாத்தான் இருக்கும்."

"இண்டைக்கு எப்பிடி விழுந்தனீ?"

அவள் கட்டுப் போட்ட முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "மழைக்கோட்டு. பேர்ப்பிள் கலர். எல்லா நாளும் றோட்டுக் கரையிலை எங்கையாவது நிக்கும். ஹூட் போட்டு முகம் தெரியாது. நான் கிட்ட வந்தால் மற்றப் பக்கம் திரும்பும். இண்டைக்கு ஒரு வளைவிலை நிண்டது. நான் திரும்பிப் பாத்தன். என்ர சில்லு முன்னுக்குப் போனவளின்ர சில்லிலை முட்டீட்டுது."

"இந்த வெயிலிலை மழைக்கோட்டோ," என்றார் அக்கா.

"அதைத்தான் சொல்லுறன்."

"அம்மா அப்பா?"

நிலாணி ஜக்கிலிருந்து முகத்தைத் திருப்பினாள். "அப்பா, ஸ்ரீதரன், ரெண்டு வருசத்துக்கு முந்தி ஹைவேயிலை அக்சிடன்ற்றிலை போனவர். என்ர ரேஸ் பாக்க வரேக்கை. அம்மா அதுக்குப் பிறகு என்னோடை கதைக்கிறேல்லை. நான் சைக்கிள் ஓடாமல் இருந்திருந்தால் அப்பா இருந்திருப்பார். அதை அவ வாயாலை சொல்லேல்லை. சொல்லத் தேவையில்லைத்தானே. நான் வீட்டை விட்டு வந்திட்டன். இந்த ரேஸுக்கு வரச் சொல்லி ஆன்சரிங் மெசின்லை மெசேஜ் விட்டனான், இந்த வீட்டு அட்ரஸும் சொல்லி. திருப்பி எடுக்கேல்லை."

அக்கா எழுந்து ஜக்கைத் தூக்கினார். அன்று காலை சைக்கிள் மெக்கானிக் துரத்தியபோது அந்தப் பெண் புல்லில் வைத்துவிட்டு ஓடியதாம். எங்களிடம் இருந்த ஒரே தடயம் அதுதான்.

"உள்ளுக்குப் பவுடர் ஏதும் இருக்குமோ அக்கா?" என்றேன். "இப்ப எல்லாம் எதுக்குள்ளையும் வச்சுக் கடத்துகினம்."

அக்கா மூடியைத் திருகினார். சீல் உடையும் சத்தம் டிக்கென்று கேட்டது. ஒரு கிளாசில் ஊற்றி என்னிடம் நீட்டினார்.

"குடி."

உதவியாளனின் வேலை விவரத்தில் இது இல்லை. ஆனாலும் குடித்தேன்.

"என்ன?"

"பால்தான். ரெண்டு வீதக் கொழுப்பு."

"சீல் உடைக்கேல்லை. உள்ளுக்கு என்ன இருக்கெண்டு கொண்டு வந்தவவுக்குக் கவலை இல்லை. ஒருநாள் பால், ஒருநாள் தண்ணி. எதெண்டாலும் காரியமில்லை, நிறைஞ்சிருந்தால் சரி." அக்கா ஜக்கின் அடியில் ஒட்டியிருந்த சின்ன விலைத் துண்டை எனக்குக் காட்டினார். டோர்செட் பார்க் பகுதிக் கடை ஒன்றின் பெயர் அதில் இருந்தது. "காரை எடு ராசா."

அந்தக் கடை மாடிக் கட்டடம் ஒன்றின் கீழே இருந்தது. தேங்காய், கருவாடு, வீடியோ கசற், போன் கார்ட் எல்லாம் ஒரே வாசனையில் கலந்து கிடந்தன. முதலாளி அமிர்தநாதர் கல்லாவில் இருந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, இந்தக் கிழமை உங்களிட்டை ஒவ்வொரு நாளும் பால் வாங்கிறது ஆர்?" என்று அக்கா கேட்டார்.

"பால் வாங்கிறதும் இப்ப குற்றமோ?"

"இல்லை. ஆனால் வாங்கிப்போட்டுத் தான் குடிக்காத ஆள் ஒருத்தர் இருப்பா."

அமிர்தநாதர் பேப்பரை மடித்தார். யாழ்ப்பாணக் கடைக்காரரிடம் ரகசியம் கேட்பதற்கு இதுதான் வழி. கேள்வியாகக் கேட்டால் வாயை மூடிவிடுவார். பாதி தெரியும் என்று காட்டினால் மீதியைத் தானே சொல்லுவார்.

"இராஜேஸ்வரி அக்காவைச் சொல்லுறியளோ? மெய்தான். தனக்குப் பால் ஒத்துவராது எண்டு சொல்லுறவா. இந்தக் கிழமை பின்னேரம் பின்னேரம் ஒரு ஜக். வாங்கித் தன்ர சிநேகிதி அன்ரனெற் ஆக்களிட்டைக் குடுக்கிறதைக் கண்டனான்."

"அவ கடைக்கு வந்தால் எங்கை நிப்பா?"

கேள்வியைக் கேட்டு நானே அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அமிர்தநாதருக்கு ஆனால் அது விசித்திரமாகப் படவில்லை.

"அதை ஏன் கேக்கிறியள். ஆரும் வெளிக்கிடினம் எண்டால் அந்த அரிசி மூட்டைக்குப் பின்னாலை போய் ஒதுங்கீடுவா. அவை போனாப் பிறகுதான் வெளியிலை வருவா. எத்தினை தரம் சொல்லியிருப்பன், உது கனடா எண்டு."

"அவவின்ர புருசன்?"

"ஸ்ரீதரன் அண்ணை. ஹைவேயிலை போனவர். பாவம், நல்ல மனுசன்."

நான் அக்காவின் முழங்கையில் தட்டினேன். அவர் ஏற்கெனவே கதவை நோக்கித் திரும்பிவிட்டார்.

"அக்கா, அது நிலாணியின்ர தாய்," என்றேன் வெளியே வந்ததும். "அரிசி மூட்டையை எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்?"

"நீ இந்து, நீ யாழ்ப்பாணம், நான் உனக்குச் சொல்லித்தர வேண்டிக் கிடக்கு. ஊரிலை நல்ல காரியத்துக்கு ஒருத்தர் வெளிக்கிட்டால் ஆரை முன்னுக்கு வரவிடுவியள்?"

அப்போதுதான் உறைத்தது. முழிவியளம். வெளிக்கிடும்போது முதலில் யார் முகத்தில் முழிக்கிறோமோ அதன்படிதான் போகிற காரியம். அதற்காகவே பொட்டும் பூவுமாக, புருசனோடு வாழ்கிற ஒருத்தியை நிறைகுடத்தோடு எதிரே வரப் பண்ணுவார்கள். கலியாணத்துக்கு, சோதனைக்கு, வெளிநாட்டுப் பயணத்துக்கு. என் கொழும்பு பஸ்ஸுக்கே ஒரு மாமி செம்போடு வந்தார்.

"சரி, ஆரை வரவிடமாட்டியள்?" என்றார் அக்கா.

விதவையைத்தான். புருசன் செத்த குற்றத்துக்கு மனுசியைக் கதவுக்குப் பின்னால் நிறுத்துகிற வழக்கம் அது. பிளேன் ஏறும்போது நிறை கூடிவிட்டது என்று எத்தனையோ நல்ல சாமானை விட்டுவிட்டு வந்தோம். இதை மட்டும் பத்திரமாகக் கட்டிக்கொண்டு வந்துவிட்டோம்.

"முன்னுக்கு வாற ஆக்களைத் தேடினால் எங்கட சனம் முழுக்கச் சந்தேகம்தான்," என்றார் அக்கா. "முன்னுக்கு வரக்கூடாத ஆளைத் தேடினால் ஒராள்தான். முகத்தை மூடுறது மற்றவைக்குத் தெரியாமல் இருக்க எண்டு பிள்ளை நினைச்சிட்டாள். அது பிள்ளையின்ர கண்ணிலை படாமல் இருக்க."

இராஜேஸ்வரியின் மாடி வீட்டுக் கதவைத் திறந்தது நிலாணியின் முகமேதான், முப்பது வயது கூட. கதவின் பின்புறம் கொக்கியில் ஊதா நிற மழைக்கோட்டு தொங்கியது. மக்டலீன் அக்கா அதைப் பார்த்ததை இராஜேஸ்வரி பார்த்தார். மறுக்க முயலவில்லை. தேநீர் போட்டார்.

"அன்ரனெற்றின்ர மனுசன் பேனாட் தன்ர வானிலை கொண்டுபோறவர்," என்றார். "அவரும் ஓடுற இடத்தைத் தூரத்திலை நிண்டுதான் காட்டுறவர். நான் ஒருநாளும் புறப்படுற இடத்துக்குப் போகேல்லை. சத்தியமா."

"உங்கட சிநேகிதியளைக் கண்டு பிள்ளை பயந்து போச்சுது அம்மா," என்றார் அக்கா. "ஏதோ செய்ய வருகினம் எண்டு. இண்டைக்கு உங்கட மழைக்கோட்டைத் திரும்பிப் பாத்துத்தான் விழுந்தவள்."

சொல்லியிருக்கக் கூடாது. அக்காவுக்கே சொன்ன கையோடு விளங்கியிருக்க வேண்டும். இராஜேஸ்வரி கோப்பையைத் தட்டோடு மேசையில் வைத்தார்.

"பாத்தியளே," என்றார். "என்னைக் கண்டோடனை விழுந்திட்டாள்."

துப்பறிவதில் உள்ள வில்லங்கம் இதுதான். உண்மையைக் கண்டுபிடித்துக் கொடுத்தால், அதைக் கையில் வாங்கினவர் தன் பொய் நம்பிக்கையை இறுக்கவே அதைப் பாவிப்பார். இவ்வளவு நாளும் அந்தத் தாயிடம் இருந்தது வெறும் பயம். நாங்கள் போய் அதற்குச் சாட்சி வைத்துவிட்டோம்.

அக்கா முதல் தரமாகத் தடுமாறினார். "அதில்லை அம்மா. அவள் நினைக்கிறாள், தகப்பன் செத்தது தன்னாலை எண்டு நீங்கள் கோவமா இருக்கிறியள் எண்டு."

"அவளாலையோ?" இராஜேஸ்வரி எங்களை மாறி மாறிப் பார்த்தார். இது அவருக்குப் புதுச் செய்தி என்பது முகத்திலேயே தெரிந்தது. "அவள் என்ன செய்தவள்? கேட்டது நானெல்லோ."

"என்னத்தைக் கேட்டனீங்கள்?"

"அண்டைக்கு விடிய அவர் சப்பாத்துப் போட்டுக் கதவாலை காலை வச்சிட்டார். நான் குசினிக்குள்ளை இருந்து, நித்திரைத் தூக்கத்திலை, பின்னாலை கூப்பிட்டுக் கேட்டிட்டன். எங்கை போறியள் எண்டு." அவர் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். "எனக்குத் தெரியும், பிள்ளையின்ர ரேஸுக்கு எண்டு. தெரிஞ்சும் வாயிலை வந்திட்டுது. அவர் சிரிச்சுப்போட்டுப் போயிட்டார். திரும்பி வந்து இருந்து, ஒரு மிடறு தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ எண்டு சொல்ல முதலே லிஃப்ற் கதவு மூடீட்டுது."

எங்கள் ஊரில் வெளிக்கிடுகிறவரைப் பார்த்து எங்கே போகிறாய் என்று யாரும் கேட்பதில்லை. போகிற காரியம் தடைப்படும். கேட்டுவிட்டால், கேட்கப்பட்டவர் திரும்பிவந்து இருந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போக வேண்டும். ஹைவேயில் ஒரு லாறிக்காரன் நித்திரை தூங்கினதற்கு இந்த அம்மா இரண்டு வருடமாகத் தன் நாக்கைத் தண்டித்துக்கொண்டிருக்கிறார்.

"மெசின்லை அவளின்ர குரலைப் போட்டுப் போட்டுக் கேப்பன்," என்றார். "திருப்பி எடுத்தால் கதைப்பன். கதைச்சால் எங்கை நிக்கிறாய், எங்கை போறாய் எண்டு கேட்டிடுவன். தாய்க்கு வேறை என்ன கேக்கத் தெரியும்?"

நாங்கள் எழுந்தோம். அவர் வாய் ஏதோ கேட்கத் திறந்து, உடனே மூடிக்கொண்டது. நாங்கள் செருப்பு மாட்டும்போது அவர் குசினிக்குள் ஒதுங்கிவிட்டார். கதவை நாங்களேதான் சாத்தினோம்.

மறுநாள் காலை வெக்ஸ்போர்ட் வீட்டு வாசலில் வான் தயாராக நின்றது. சைக்கிள்கள் கூரையில் பூட்டியிருந்தன. நிலாணி மட்டும் வீட்டுப் படியில், சாதாரணக் காற்சட்டையோடு உட்கார்ந்திருந்தாள். மக்டலீன் அக்கா அவள் பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் சொன்னார். பாலை, பட்டுச் சேலையை, அரிசி மூட்டையை, லிஃப்ற் கதவை. நிலாணி முழங்கைக் கட்டின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டு இருந்தாள். முடிவில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்ப, எல்லா நாளும் வந்தவ அம்மாவோ?"

"ஓம்."

"இண்டைக்கு?"

அக்கா தெருவின் மறுபக்கத்தைக் காட்டினார். பஸ் தரிப்பிடத்தின் கண்ணாடிக்குப் பின்னால், தெருவுக்கு முதுகு காட்டியபடி, ஊதா மழைக்கோட்டு. பிள்ளை விழுந்தது தெரிந்த பிறகு தூரத்தில் நிற்க மனம் வரவில்லைபோல. மழை வருகிற அறிகுறியே இல்லை. இந்தப் பக்கம் அன்ரனெற் அன்ரி காஞ்சிபுரத்தோடும் பால் ஜக்கோடும் வானுக்கு முன்னால் தன் முறைக்காக நின்றார். கத்தோலிக்கப் பெண். கழுத்தில் சிலுவை, கையில் நிறைகுடம். சிநேகிதிக்காக மனுசர் எதையும் தூக்குவார்கள்.

நிலாணி உள்ளே போனாள். திரும்பி வந்தபோது ஓட்ட உடுப்பில் இருந்தாள். ஆனால் வானில் ஏறவில்லை. நொண்டி நொண்டித் தெருவைக் கடந்தாள். நானும் அக்காவும் பின்னால் போனோம். அடுத்தவர் குடும்பக் கதையில் மூக்கை நுழைப்பதுதானே எங்கள் தொழில்.

காலடிச் சத்தம் கேட்டு இராஜேஸ்வரி ஹூட்டை இன்னும் இழுத்து மூடினார். "வராதை பிள்ளை. இப்ப வராதை. வெளிக்கிடுற நேரம்."

"அம்மா, என்னைப் பாருங்கோ."

"போ ராசாத்தி. வான் நிக்குது."

"கேளுங்கோ."

"என்னத்தை?"

"அப்பாட்டைக் கேட்டதை. என்னட்டைக் கேளுங்கோ."

அந்த அம்மா பஸ் தரிப்பிடக் கண்ணாடியோடு இன்னும் ஒட்டிக்கொண்டார். "விசரே உனக்கு? நான் கேக்கமாட்டன்."

"கேக்காட்டி நான் ஓடேல்லை. பிரான்சும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்." நிலாணி தரையில், பாண் துண்டும் சிகரெட் கட்டையும் கிடந்த கொங்கிறீற்றில், கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள். "ஐ மீன் இற், அம்மா. ரெண்டு வருசம் நீங்கள் என்னை ஒண்டும் கேக்கேல்லை. சாப்பிட்டியோ எண்டும் கேக்கேல்லை. ஒரே ஒருக்கால் கேளுங்கோ."

வான் ஹோர்ன் அடித்தது. கோச் மணிக்கூட்டைக் காட்டினார். நான் வாயைத் திறந்தேன். அக்கா என் காலை மிதித்தார்.

இராஜேஸ்வரி மெல்லத் திரும்பினார். ஹூட் சரிந்தது. பொட்டில்லாத நெற்றி, நித்திரை இல்லாத கண். மகளின் முழங்கைக் கட்டில் கண் போய் நின்றது. உதடுகள் இரண்டு தரம் அசைந்தன, சத்தம் வரவில்லை. மூன்றாம் தரம் வந்தது.

"எங்கை பிள்ளை போறாய்?"

"ரேஸுக்கு அம்மா," என்றாள் நிலாணி. எழுந்தாள். "போட்டு வாறன்."

தண்ணீர் குடிக்கவில்லை. திரும்பி இருக்கவும் இல்லை. நேரே போய் வானில் ஏறினாள். அன்ரனெற் அன்ரி ஜக்கோடு அவசர அவசரமாகக் குறுக்கே ஓடினார், ஆனால் வான் அவரைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது.

"அப்ப இந்தப் பாலை என்ன செய்யிறது?" என்றார் அவர்.

"என்னட்டைத் தாங்கோ அன்ரி, எனக்கு அனுபவம் இருக்கு," என்றேன்.

நான் காரைத் திறந்தேன். இராஜேஸ்வரி நடைபாதையிலேயே நின்றார். முகத்தில் இரத்தம் இல்லை. தன் கையாலேயே எதையோ தள்ளி விழுத்திவிட்டவர்போல நின்றார்.

"தம்பி," என்றார் மெதுவாக. "நீங்கள் எங்கை போறியள்?"

"ஹை பார்க்குக்கு அன்ரி. நீங்களும் வாறியள். முன் சீற்றிலை ஏறுங்கோ."

வழி முழுக்க அவர் மழைக்கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். இன்று நிலாணி விழுந்தால் என்ன ஆகும் என்று காரில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும். அந்தக் கேள்வியைக் கேட்க வைத்த பழியில் எனக்கும் அக்காவுக்கும் பங்கு இருக்கிறது. கார் ரேடியோவைப் போட எனக்கு மனம் வரவில்லை. பகிடி ஒன்றும் வாயில் வரவில்லை.

பார்க்கில் ஏற்றத்தின் உச்சியில் ஒரு வளைவு. கயிறு கட்டியிருந்த இடத்தில் இராஜேஸ்வரியைக் கொண்டுபோய் முன் வரிசையில் நிறுத்தினோம். மழைக்கோட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். கூட்டத்தில் ஒரு சத்தம் எழுந்தது. முதல் சுற்று வருகிறது. நிறம் நிறமாகச் சட்டைகள், குனிந்த முதுகுகள், சங்கிலிகளின் இரைச்சல். இராஜேஸ்வரி பின்னால் போகப் பார்த்தார். மக்டலீன் அக்காவின் கை அவர் முதுகில் இருந்தது. அது விடவில்லை.

நிலாணி கூட்டத்தின் நடுவில் வந்தாள். இரண்டு பக்கமும் சில்லுகள். வளைவுக்குள் சரியும்போது தலையைத் திருப்பினாள். தாயைப் பார்த்தாள். முழு முகத்தையும், நேராக, பட்டப்பகலில். நான் கண்ணை மூடிக்கொண்டேன். துணிந்த உதவியாளன் நான்.

இரைச்சல் எங்களைக் கடந்து இறக்கத்தில் போய்த் தேய்ந்தது. வேறு சத்தம் ஒன்றும் இல்லை. கண்ணைத் திறந்தபோது வெறும் தெருதான் இருந்தது. இராஜேஸ்வரி கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அந்தத் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். மழைக்கோட்டு அவர் காலடியில் கிடந்தது.

"விழேல்லை," என்றார்.